கரன்ட் அசெட்!

ஒரு ஆணின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ள ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை சார். சாவிக்கொத்தைப் பார்த்தால் போதும்.

சாமி படம் தொங்கினால் பைக்குக்கு இன்னும் டியூ பாக்கி இருக்கிறது. மனைவி பெயரின் முதல் எழுத்து தொங்கினால் கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகவில்லை. நகைக்கடைக்காரர் கொடுத்த பித்தளை வளையம் தொங்கினால் ஆறு மாசம் தாண்டிவிட்டது. பாட்டில் திறக்கிற கொக்கி தொங்கினால்... வேண்டாம், குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகை.

என் சாவிக்கொத்தில் தொங்குவது ஒரு டார்ச் லைட்.

பயந்துவிடாதீர்கள். கூர்க்கா கையில் இருக்குமே, அந்த மாதிரி உலக்கை இல்லை. கட்டை விரலைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஒரு சாவியைவிடச் சற்றே கனம். பேட்டரி உள்ளேயே இருக்கிறது. செல்போன் சார்ஜரின் ஒயரையே சொருகி சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

ஜெயங்கொண்டம் நாலு ரோட்டில் டீ குடிக்கும்போது இதை மேஜைமேல் வைத்தால் போதும், யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவிடுவார். "என்னா சார், கணக்கு எழுதற வேலைய விட்டுட்டு வாட்ச்மேன் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கீங்களா?" இது முதல் கேள்வி. இரண்டாவது கேள்விதான் முக்கியம்: "அதான் போன்லயே லைட்டு இருக்கே... அப்புறம் எதுக்கு இது தனியா?"

நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம். இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் டார்ச் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'பேட்டரி லைட்டு'. அதில் போடுகிற பேட்டரிக்குப் பெயர் 'கட்டை'. வீட்டு அந்தஸ்தையே கட்டைக் கணக்கில் சொல்லிவிடலாம். ரெண்டு கட்டை என்றால் சாதாரணக் குடும்பம். மூணு கட்டை என்றால் கொஞ்சம் நிலபுலன் உண்டு. அஞ்சு கட்டை வைத்திருந்தால் ஒன்று பெரிய மிராசு, இல்லாவிட்டால் முந்திரித் தோப்புக்குக் காவல் போகிறவர்.

என் பெரியப்பா மூணு கட்டைக்காரர். சுவரில் ஆணியடித்து மாட்டியிருப்பார். நாங்கள் யாரும் தொடக் கூடாது. கட்டை வீக்காகிவிட்டால் உடனே தூக்கிப் போட்டுவிட மாட்டார். மாடியில் வடகத்தோடு வடகமாக அதுவும் வெயிலில் காயும். சாயந்திரம் எடுத்துப் போட்டால் பத்து நிமிஷம் உயிரோடு இருக்கும். அப்புறம் மங்கும். உள்ளங்கையில் ரெண்டு தட்டு தட்டினால், வாத்தியாரிடம் அடி வாங்கின பையன் மாதிரி பளிச்சென்று எரியும். திரும்ப மங்கும்.

இந்த விஷயத்தில் பெரியப்பாவின் லைட்டைக் குறை சொல்ல முடியாது. அதன் பிறவிக் குணமே அதுதான். அமெரிக்காவில் டேவிட் மிசெல் என்பவர் கையில் பிடிக்கிற மின்விளக்குக்கு பேடன்ட் வாங்கியது 1899 ஜனவரியில். அன்றைய பேட்டரியும் பல்பும் இருந்த லட்சணத்துக்குத் தொடர்ந்து எரியாது. அமுக்கினால் ஒரு மினுக், விட்டுவிட வேண்டும். அதனால்தான் 'ஃப்ளாஷ் லைட்' என்ற பெயரே வந்தது. நூறு வருஷம் கழித்தும் அந்தப் பெயரைக் காப்பாற்றிக் கொண்டிருந்தது எங்கள் வீட்டு மூணு கட்டை!

2003-ல் நோக்கியா 1100 வந்தது. உச்சந்தலையில் ஒரு சின்ன லைட். அந்த போன் உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. எங்கள் ஜில்லாவில் வாங்கினவர்களில் பாதிப் பேர் பேசுவதற்காக வாங்கவில்லை, லைட்டுக்காகத்தான் வாங்கினார்கள் என்று நான் சத்தியம் செய்வேன். பெரியப்பாவும் ஒன்று வாங்கினார். மூணு கட்டை லைட் ஆணியிலேயே தொங்கியது. உள்ளே கட்டை பொங்கி, ஸ்பிரிங் துருப்பிடித்து, ஒருநாள் பரணுக்கும் போய்விட்டது. "ஒண்ணு வாங்கினா ரெண்டு வேலை" என்று பெருமையாகச் சொல்லுவார்.

இனிமேல் சொல்லப் போவது சிரிப்பு விஷயமில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் காலுக்கடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது. அனல் மின்நிலையம் கட்டப் போகிறோம் என்று 1990-களில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் நிலம் எடுத்தார்கள். மின்நிலையம் வரவில்லை. 2012-ல் கரன்ட்டும் வரவில்லை. அந்த வருஷம் தமிழ்நாடு பட்ட பாடு உங்களுக்கே ஞாபகம் இருக்கும். வெளி மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் இருட்டு. மோட்டாருக்கு வேண்டிய மும்முனைக் கரன்ட் நடுராத்திரியில் வரும். அது வரும்போது விவசாயி கொல்லையில் இருந்தாக வேண்டும்.

ஆவணி மாசம். ராத்திரி பதினொரு மணி. கடலைக் கொல்லைக்குத் தண்ணீர் கட்டப் பெரியப்பா வரப்பில் போய்க்கொண்டிருக்கிறார். கையில் நோக்கியா. வெளிச்சம் காலடியில். அப்போது போன் அடித்தது. பெரியம்மா.

"இங்க வீட்ல கரன்ட் போயிட்டுது. அங்க வந்துட்டுதா?"

போன் வந்தால் மனுஷன் என்ன செய்வான்? காதில் வைப்பான். பெரியப்பாவும் வைத்தார். வெளிச்சம் வானத்துக்குப் போனது. கால் மட்டும் வரப்பில் போனது.

குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் கேட்டதாம். கண்ணாடி விரியன். அது ஓடி ஒளிகிற ஜாதியில்லை. கிடந்த இடத்திலேயே கிடக்கும், மிதித்தால் போடும். கணுக்காலுக்கு மேலே போட்டுவிட்டது.

பெரியப்பாவுக்கு விவரம் தெரியும். கீறவில்லை, கயிற்றால் இறுக்கிக் கட்டவில்லை, மந்திரிக்கப் போகவில்லை. அண்ணன் பைக்கில் நடுவே உட்காரவைத்து, பின்னால் நான் பிடித்துக்கொள்ள, நேராக அரசு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம். நான் அப்போதுதான் பி.காம். முடித்திருந்தேன்.

டியூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு மேஜைமேல் நிறுத்தினார். "இருபது நிமிஷம் இதை யாரும் அசைக்கக் கூடாது. உறைஞ்சா நல்லது. உறையலேன்னா விஷம் ஏறியிருக்குன்னு அர்த்தம்."

இருபது நிமிஷம். யூனிவர்சிட்டி ரிசல்ட்டுக்குக் காத்திருந்ததெல்லாம் ஒரு காத்திருப்பா சார்? அந்தக் குழாயைப் பார்த்தபடி நாங்கள் உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா மட்டும் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் குழாயைச் சாய்த்தார். தண்ணீர் மாதிரி ஓடியது.

விஷமுறிவு மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் குழாய், மறுபடியும் இருபது நிமிஷம். மூன்றாவது தடவை சாய்த்தபோது ரத்தம் அசையாமல் நின்றது. அதுவரை அழாத அண்ணன் அப்போதுதான் அழுதான்.

கால் பழைய சைஸுக்கு வர ஒன்றரை மாசம் ஆயிற்று. பெரியம்மாவுக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை. "அன்னிக்கு நான் போன் பண்ணாம இருந்திருந்தா..." என்று ஆரம்பிப்பார். பெரியப்பா உடனே மறுத்துவிடுவார். "நீ பண்ணலேன்னா நான் அங்கயே கெடந்திருப்பேன்டி. போன்ல நான் 'ஐயோ'ன்னு கத்தினதைக் கேட்டு ஆளைக் கெளப்பினது நீதானே!"

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. என் கட்டுரையின் சாராம்சமும் அதுதான். போன் உயிரைக் காப்பாற்றியது. ஆனால் போனே லைட்டாகவும் இருந்ததுதான் வினை. பேசுகிற சாதனம் காதுக்குப் போகும். வழி காட்டுகிற சாதனம் காலடியை விட்டு நகரக் கூடாது. ரெண்டும் ஒன்றாக இருந்தால், ஒரு வேலை வரும்போது இன்னொரு வேலை நின்றுபோகும்.

பி.காமில் மூணு வருஷம் 'கரன்ட் அசெட்' பற்றிப் படித்தேன். கையில் ரொக்கம், பேங்கில் இருப்பு, கடைச் சரக்கு என்று மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கினேன். கரன்ட் இல்லாத ராத்திரியில் கைக்கு உதவுவதுதான் நிஜமான கரன்ட் அசெட் என்பது அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் புரிந்தது.

எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை இது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர், வருஷத்துக்குச் சராசரி 58,000 என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. அதில் பாதிச் சாவு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாசங்களில். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக் கடியை 'அறிவிக்கை செய்ய வேண்டிய நோய்' என்று அறிவித்தது. அதாவது ஆஸ்பத்திரிக்கு வருகிற ஒவ்வொரு கேஸும் அரசுக் கணக்கில் ஏற வேண்டும். கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அதில் பரம திருப்தி. கணக்கில் வராத எதற்கும் பட்ஜெட் கிடையாது.

பெரியப்பாவுக்கு ஏறிய மருந்துக்கும் ஒரு தமிழ்நாட்டுக் கதை உண்டு. மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் 1978-லிருந்து இயங்குகிறது. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு பாம்புகளையும் பிடித்து, விஷம் எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் மருந்து தயாராகிறது. இருளர்களில் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான்!

சரி, டீக்கடைக் கேள்விக்கு வருவோம். "உங்க பெரியப்பா கொல்லைக்குப் போனாரு. நான் ஆபீஸுக்குத்தானே போறேன்?" என்பீர்கள்.

கடைசி பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு நடக்கிறீர்களா? அபார்ட்மென்ட் மாடிப்படியில் பல்பு எரிகிறதா? மழை நாளில் மூடி இல்லாத சாக்கடை எது, ரோடு எது என்று தெரிகிறதா? பைக்குக்கு அடியில் விழுந்த சாவியைத் தேடியிருக்கிறீர்களா? இதற்கெல்லாம் போன் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் போன் லைட்டைப் போட, முதலில் பையிலிருந்து எடுத்து, விரலை வைத்து, அது "நீ யார்?" என்று கேட்டு, மழையில் நனைந்த விரலை அது அடையாளம் தெரியவில்லை என்று சொல்லி... அதற்குள் நீங்கள் சாக்கடையில் இருப்பீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் போனில் எத்தனை பர்சன்ட் சார்ஜ் இருக்கும் என்று நான் கேட்கப் போவதில்லை. சாவிக்கொத்து டார்ச்சில் பட்டன் ஒன்றுதான். அது உங்களை யார் என்று கேட்காது.

இத்தனூண்டு பொருள் இவ்வளவு வெளிச்சம் எப்படிக் கொடுக்கிறது? பழைய பல்பில் கரன்ட்டின் பெரும்பகுதி சூடாகவே போய்விடும். இதில் இருப்பது எல்.இ.டி. சிவப்பும் பச்சையும் ரொம்ப நாளாகவே இருந்தன. நீலம்தான் பிடிபடவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை வெளிச்சம் கிடையாது. ஜப்பானில் நிச்சியா என்ற கம்பெனியில் வேலை பார்த்த ஷூஜி நகமுரா 1993-ல் பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் அகசாகி, அமானோ என்ற இரண்டு பேரும் பாடுபட்டிருந்தார்கள். 2014-ல் மூன்று பேருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான். இந்தக் கண்டுபிடிப்புக்குக் கம்பெனி நகமுராவுக்குக் கொடுத்த ஊக்கத்தொகை 20,000 யென். நம் தீபாவளி போனஸே தேவலை! மனுஷன் கோர்ட்டுக்குப் போனார். 2004-ல் டோக்கியோ கோர்ட் 2,000 கோடி யென் கொடு என்றது. அடுத்த வருஷம் சுமார் 84 கோடி யென்னில் சமரசமாக முடிந்தது. இன்கிரிமென்ட் வரவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் ராத்திரி இந்த டார்ச்சைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம், ஆறுதலாக இருக்கும்.

போன வருஷம் சென்னை நண்பர்கள் மூன்று பேர் 'கேம்பிங்' என்று கிளம்பி வந்தார்கள். இடம்? பெரியப்பாவின் முந்திரித் தோப்பு. ஆன்லைனில் வாங்கிய டென்ட்டோடு வந்து இறங்கினார்கள். பெரியப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன்டா தம்பி, வூடு சும்மாதான் கெடக்கு. ஃபேனும் இருக்கு. எதுக்குடா வெளியில போயி படுக்கறீங்க?"

"அனுபவம் பெரியப்பா."

"எனக்கு இருக்கற அனுபவம் போதாதா?" என்று வேட்டியை லேசாகத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினார்.

ஒரு நண்பர் கையில் பெரிய லைட், கலங்கரை விளக்கம் மாதிரி. போட்டதும் தோப்பே பகலானது. எல்லாருக்கும் கண் கூசியது. லைட்டை அணைத்த பிறகு ஐந்து நிமிஷத்துக்கு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இருட்டில் அதிக வெளிச்சமும் ஒரு குருட்டுத்தனம்தான். என் சின்ன டார்ச்சை அடங்கின வெளிச்சத்தில் வைத்து, தண்ணீர் நிரம்பிய பாட்டிலுக்கு அடியில் நிறுத்தினேன். பாட்டில் முழுக்க வெளிச்சம் பரவி அரிக்கேன் மாதிரி ஆகிவிட்டது. அதிலேயே சாப்பிட்டோம், சீட்டாடினோம். ராத்திரி ஒதுங்கப் போகிறவர்கள் அதைத் தொப்பி விளிம்பில் கிளிப் மாட்டிக்கொண்டு போனார்கள். ரெண்டு கையும் ஃப்ரீ. காலையில் ஷூவுக்குள் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் காலை விட்டார்கள். இது பெரியப்பாவின் கண்டிப்பான உத்தரவு. முந்திரிச் சருகுக்குள் என்ன கிடக்கிறது என்பது முந்திரிக்கே தெரியாது.

பெரியப்பா டார்ச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எத்தினி கட்டை?"

"கட்டையே இல்ல பெரியப்பா."

தூரத்துப் பனைமரத்தில் அடித்துப் பார்த்தார். திருப்தி. உடனே வெளிச்சத்தைக் கீழே இறக்கினார். "லைட்டுங்கறது பனைமரத்தைப் பாக்கறதுக்கு இல்லடா. வெக்கப் போற காலுக்கு முன்னாடி ரெண்டு அடி தெரிஞ்சா போதும்." அந்த அளவுக்கு மூன்று வெளிச்சத்தில் ரொம்பக் குறைச்சலானதே போதுமாக இருந்தது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு பி.காம். பட்டதாரியின் யோசனைகள்.

விளம்பரத்தில் '50,000 லூமன்ஸ்' என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். சாதாரணக் காரின் ஹாலஜன் ஹெட்லைட் பல்பு ஒன்றுக்கே சுமார் ஆயிரம் லூமன்ஸ்தான். பாக்கெட்டுக்கு முன்னூறு நானூறு தாராளம். அதுவும் சில நிமிஷத்தில் சூடாகித் தானாகவே இறங்கிவிடும். எவ்வளவு பிரகாசம் என்று கேட்காதீர்கள், எவ்வளவு குறைவாக எரியும் என்று கேளுங்கள். ஒன்றிரண்டு லூமனில் பல மணி நேரம் எரிகிறதா, அதுதான் சரக்கு.

'இத்தனை மணி நேரம் எரியும்' என்று டப்பாவில் இருப்பதிலும் சூட்சுமம் உண்டு. 2009-ல் அமெரிக்காவில் ஏற்படுத்திய அளவுமுறைப்படி, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறைகிற வரை அந்த மணிக்கணக்கு ஓடும். சம்பளம் பத்தில் ஒரு பங்கான பிறகும் 'வேலையில் இருக்கிறார்' என்று சொல்கிற மாதிரி!

பாக்கெட்டில் தானாக எரியாமலிருக்க பட்டனைப் பூட்டும் வசதி இருக்கட்டும். ஐ.பி.எக்ஸ்.4 என்று போட்டிருந்தால் மழைச் சாரலைத் தாங்கும். உள்ளே இருக்கிற லித்தியம் பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. சில வருஷத்தில் அலுத்துவிடும். தேய்மானம் எழுதிவிட்டு அடுத்ததை வாங்க வேண்டியதுதான்.

கடைசியாக ஒன்று. சும்மா கிடந்தாலும் லித்தியம் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஆத்திர அவசரத்துக்கு எடுக்கும்போது அது செத்திருந்தால் சாவிக்கொத்தில் தொங்குவது வெறும் கல். ஆகவே மாசம் ஒரு நாள், மறக்காத நாளாகப் பார்த்து சார்ஜ் போட வேண்டும். எங்கள் குடும்பத்தில் அதற்கு அமாவாசையை வைத்திருக்கிறோம். இருட்டு ஜாஸ்தியான ராத்திரி என்பது ஒரு காரணம், காலண்டர் பார்க்காமலே வீட்டுச் சமையல் ஞாபகப்படுத்திவிடும் என்பது இன்னொரு காரணம். அன்றைக்குக் காக்காய்க்குச் சோறு, டார்ச்சுக்கு சார்ஜ்.

பெரியப்பாவிடமும் இப்போது ஒரு சாவிக்கொத்து டார்ச் இருக்கிறது. அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு அமாவாசைக்கும் பெரியம்மா எனக்கு போன் செய்து, "லைட்டுக்கு சார்ஜ் போட்டியாடா?" என்று கேட்பார்.

பகலில்தான் கேட்பார். இருட்டிய பிறகு அவர் யாருக்கும் போன் செய்வதில்லை.